குதிரை வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். வாட்ஸப்பில் நாலு வரிக்கு மேல் போனால் நீ படிக்க மாட்டாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். குதிரை விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்காதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ கட்டையைத் தாண்டுகிற அந்த வீடியோவை நம் மாடி வீட்டு மாமியிலிருந்து பால் போடுகிறவர் வரை எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது. ஏழாம் வகுப்பு வரை இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். விளையாட்டு பீரியடில் மரத்தடியில் மற்ற பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருந்த பெண். அவள் முதுகை நிமிர்த்தி, குதிகாலைக் கீழே அழுத்தி, அவ்வளவு பெரிய மிருகத்தை ஒரு விரல் அசைவில் திருப்புகிறாள் என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்! அப்பாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி என் போனை எடுத்து மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பேசாமல் இருப்பது உன் மேல் கோபத்தால் இல்லை. குதிரை என்றாலே அவருக்குக் கிண்டி ரேஸ் மைதானம்தான் ஞாபகம் வரும், உன் தாத்தாதான் ஞாபகம் வருவார். 1996-இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குத் தாத்தா பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்து பாட்டியிடம் நீட்டினார். பாட்டி கையைக்கூடத் துடைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பணம் கட்ட வாங்கவில்லை, ஏறி ஓட்ட வாங்குகிறாய் என்று அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றார். அவ்வளவுதான். நீயே ஒருமுறை அவரிடம் பேசு.

சரி, கணக்குக்கு வருவோம். விலை ஒன்றரை லட்சம்தான், ஏழு வயது, ரேஸில் ஓடி முடித்த குதிரை, குட்டியாக வாங்கியிருந்தால் பல லட்சம் ஆகியிருக்கும் என்று சொன்னாய். ஏன் இவ்வளவு மலிவு என்று யோசித்தாயா? ரேஸ் குதிரையை இரண்டு வயதிலேயே ஓட விட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பலவற்றுக்கு ஓட்டம் முடிந்துவிடுகிறது. அப்புறம் அது லாயத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளும் முதலாளிக்குச் செலவு. யாராவது கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று இருப்பார்கள். அவர் தலையிலிருந்து இறங்குகிற செலவு உன் தலையில் ஏறுகிறது, அதுதான் விஷயம். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து வயதுக்கு மேலும் இருக்கும். உன் குதிரைக்கு இன்னும் பதினெட்டு வருஷம் பாக்கி இருக்கிறது, பாப்பா. அப்போது உனக்கு என்ன வயதாகும் என்று கூட்டிப் பார்.

லாயம், தீனி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து மாதம் இருபதாயிரம் என்றாய். வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். வாங்குகிற விலையை முதல் வருஷச் செலவே தாண்டிவிடுகிறது. அதில் லாடம் சேரவில்லை. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையாவது குளம்பைச் செதுக்கி லாடத்தை மாற்ற வேண்டும். பூச்சி மருந்து, டெட்டனஸ் ஊசி, வருஷத்துக்கு ஒருமுறை பல்லை அராவி விடுவது, டாக்டர் ஃபீஸ், எதுவும் சேரவில்லை. நீ விலையை மட்டும் சொல்கிறாய். சொசைட்டியில் நகைக்கடன் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளிடம் விலையை மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டாயே, அதுதான் வருத்தம்.

எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. போன நேரத்தில் பீச்சில் சவாரி விடுகிற ஒருவர் தன் குதிரையைக் கொண்டு வந்திருந்தார். அதற்கு வயிற்று வலி. செம்மண் நிறத்தில் நல்ல உயரமான குதிரை. கழுத்தெல்லாம் வியர்த்து நனைந்திருந்தது. முன்காலால் தரையைப் பறிக்கும், தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கும், மறுபடி பறிக்கும். படுத்துப் புரளப் பார்த்தது. அவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, மூக்கு வழியாக நீளமான குழாயை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மாணவி சொன்னாள், குதிரைக்கு வாந்தி எடுக்க வராதாம். உள்ளே போனது கீழே போனால்தான் உண்டு. வழியில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்தான் இன்னொன்றும் சொன்னாள். குதிரை வயிற்றில் எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்குமாம். அதனால் புல்லோ வைக்கோலோ அடிக்கடி வாயில் இருக்க வேண்டும். ரேஸில் ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருக்குமாம். நீ வாங்கப் போவதும் ரேஸ் குதிரைதானே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அந்த மனிதர் ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன் என்று மைத்துனரிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்தது போலிருக்கிறது. சாயங்காலம் குதிரை லத்தி போட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோருமே சிரித்தோம். ஆனால் எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடியது. ராத்திரி பதினொரு மணிக்கு இப்படி ஆனால் நீ யாரைக் கூப்பிடுவாய்? என்னைக் கூப்பிடுவாயா, இல்லை அப்போதும் மீட்டிங்கா?

அதனால் சொல்கிறேன், குதிரையைக் கடன் வாங்கி வாங்காதே. பெர்சனல் லோன் இரண்டு லட்சம், 14 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொள். மாதம் 6,800 ரூபாய்க்கு மேல் தவணை வரும். மூன்று வருஷத்தில் வட்டியே 46,000 ஆகும். அந்தத் தவணை, மேலே இருபதாயிரம், உன் வீட்டு வாடகை, எல்லாம் ஒரே சம்பளத்திலிருந்துதானே போக வேண்டும். தவணையை நிறுத்தினால் பேங்க்காரன் கேட்பான். தீனியை நிறுத்தினால் கேட்க வாயில்லாத ஜீவன் அது.

நகையை வைத்து வாங்குவதும் கடன்தான். மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று சொல்வார்கள், காதுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். வருஷத்துக்கு 18 சதவீதம். வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, அதையும் மறந்து, ஏல நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் வந்து நின்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு என்ன வழி என்று கேள். அடுத்த மாதத்திலிருந்து குதிரை வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொள். சம்பளம் வந்த அன்றே இருபதாயிரத்தை ஆர்டியில் போடு. டாக்டருக்கு என்று தனியாக மூவாயிரம். ஒரு வருஷம் இப்படிக் கட்டிப் பார். இடையில் ஒரு மாதம்கூட விடாமல் கட்ட முடிந்தால் உன் கையில் 2,40,000-க்கு மேல் இருக்கும். குதிரை விலையும் ஆயிற்று, முதல் சில மாதச் செலவும் ஆயிற்று. அதைவிட முக்கியம், உன்னால் தாங்க முடியும் என்று உனக்கே தெரிந்துவிடும். கட்ட முடியவில்லை என்றால் ஒரு குதிரை பட்டினி கிடக்காமல் அது தெரிந்துபோகும். அதுவரை சவாரியை விடாதே. அங்கேயே ஒரு குதிரையை மாத வாடகைக்கு எடுத்து, இன்னொருத்தியோடு ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துக்கொள்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்? அதைச் செய்யேன்.

“மாசக் கடைசிக்குள்ள எடுக்கலைன்னா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்கம்மா” என்றாய். கொடுக்கட்டும். வருஷா வருஷம் குதிரைகள் ஓடி முடித்து வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்படுத்துகிறவனிடம் எதையும் வாங்கக் கூடாது.

சித்தப்பா வேறு, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைகள் எல்லாம் வரிசையாக நிற்கும், உடம்பில் மயிர்ச் சுழி பார்த்து வாங்கிவிடலாம் என்கிறார். சந்தையைப் பார்க்கப் போகலாம், நானும் வருகிறேன். சுழி பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நீ காலைப் பார். எங்கே வாங்கினாலும் விற்கிறவருக்கு வேண்டிய டாக்டர் வேண்டாம், நீ பணம் கொடுத்துக் கூட்டிப்போகிற டாக்டர் பார்க்கட்டும். கெட்டித் தரையில் ஓட விட்டுப் பார்க்கச் சொல். முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற தசைநாணைத் தடவிப் பார்த்து, சூடோ தடிப்போ இருந்தால் விட்டுவிடு. கண், இதயம், பல் எல்லாம் பார்க்கட்டும். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அது மனுஷருக்கும் ஒட்டிக்கொள்கிற நோய், உன் நெஞ்சுக்கு ஆகாது. கடன் மட்டும் வேண்டாம், பாப்பா.

இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை எழுதவில்லை.

தீபாவளியன்று எண்ணெய் தேய்க்க மனையைப் போட்டேன். “நானே தேய்ச்சுக்கறேன்” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். முப்பத்தொரு வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை. வெந்நீர் வைத்த அனலில்கூடக் கழுத்து வரை மூடின குர்த்தா. சாப்பிடும்போது உன் கை இரண்டு தரம் கழுத்துக்குப் போய், ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பி வந்தது. நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரசீதுக்குக் காத்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறேன். என் மகளிடம் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பாட்டி அந்தச் சங்கிலியைக் கிண்டிக்குப் போகாமல் எப்படிக் காப்பாற்றினாள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. நான் திட்டப் போவதில்லை. அதை உனக்குக் கொடுத்தாயிற்று, உன்னுடையது. ஆனால் தெரியாத ஊரில், ஏதோ ஒரு கடையில், எவ்வளவு வட்டிக்கு என்றுகூடத் தெரியாமல் இருக்கிறதே என்றுதான் தூக்கம் வரவில்லை.

குதிரைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றாலும் சரி, சொல். திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள். கிடைக்காவிட்டால் போகட்டும். தை மாதம் என் டெபாசிட் ஒன்று முதிர்கிறது, அதில் சங்கிலியை மீட்டுவிடலாம். அது குதிரைக்காகக் கொடுக்கிற பணம் இல்லை. குதிரையை நீ உன் சம்பளத்தில்தான் வாங்க வேண்டும், உன்னால் முடியும். மீட்டதை எனக்குத் திருப்பிக் கொடு, மெதுவாக, வட்டியில்லாமல்.

ரசீதின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வைத்த தேதி, எடை, வட்டி, கெடு நாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். கெடு தைக்கு முன்னால் வருகிறது என்றால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வை, பணம் நான் அனுப்புகிறேன். என் நம்பருக்கு மட்டும் அனுப்பு, குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதே, அதை அப்பா பார்ப்பார்.

இப்படிக்கு,
அம்மா