கடன் தள்ளுபடி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என நினைப்பவர்கள் ஆப்பிரிக்க நாடான சாம்பியாவைப் பார்க்க வேண்டும். ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் 1996இல் தொடங்கிய கடன் நிவாரணத் திட்டத்தின் இறுதிக் கட்டத்தை 2005இல் எட்டி, பெருமளவு கடன் தள்ளுபடி பெற்ற நாடு அது. பிறகு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மொத்தம் 300 கோடி டாலருக்குச் சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்றது. ஏற்றுமதி வருமானமோ பெரும்பாலும் தாமிரத்தை நம்பியே இருந்தது. தாமிர விலை இறங்கி, அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பு சரிய, டாலர் வட்டிக்கு வரிப்பணத்தில் மேலும் மேலும் பங்கு போனது. 2020 நவம்பரில் தவணை தவறியது.

அதைவிட வேதனை, பிறகு நடந்த இழுபறி. ஏழை நாடுகளின் கடனை மறுசீரமைக்க ஜி-20 நாடுகள் வகுத்த பொதுச் சட்டகத்தின்கீழ் 2021இல் விண்ணப்பித்தும், கடன் தந்த அரசுகளுடன் உடன்பாடு 2023 ஜூனில்தான் வந்தது. பத்திரதாரர்களுடன் 2024 வரை ஆயிற்று. முன்பு, கடன் தரும் பணக்கார அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப்புடன் பேசினால் பெரும்பாதி வேலை முடியும். இன்று சீனா, தனியார் நிதியங்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். தாம் விட்டுக்கொடுப்பது இன்னொருவர் பையில் விழுமோ என்று ஒவ்வொருவரும் தயங்குகிறார்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்தே தவணைகளை நிறுத்திவைக்க வேண்டும். கடன் ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும். புயல், வறட்சி தாக்கினால் தவணை தானாகவே தள்ளிப்போகும் விதியைப் புதிய பத்திரங்களில் சேர்க்க வேண்டும். கரீபியத் தீவு நாடான கிரெனடா 2015இல் தன் கடன் மறுசீரமைப்பிலேயே புயலுக்கான இத்தகைய விதியைச் சேர்த்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்