பம்ப் பாட்டில் கசிவு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

திரவ சோப்பு பாட்டில்களில் பம்பை இறுக்கும் எங்கள் இயந்திரத்தைப் பற்றி, "அவங்க மெஷின்ல மூடினா சோப்பு கசியுது" என்ற பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. இயந்திரத்தின் மேல் பழி போடுமுன், கசிந்த பாட்டில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

சோப்பை உறிஞ்சும் டியூப் பாட்டிலின் அடியில் முட்டி வில்லாய் வளைந்திருக்கிறதா? அப்படியானால் அது பம்பை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், கசிவைத் தடுக்கும் வாஷர் பாட்டில் வாயில் சரியாகப் படியாது. டியூப் நுனியைச் சாய்வாக வெட்டி, அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டால் போதும்.

எங்களை அதிகம் படுத்துவது கழுத்து அளவுதான். 28/400, 28/410 என்ற இரு கழுத்து வகைகளுக்கும் விட்டம் ஒன்றே, 28 மி.மீ. ஆனால் முன்னதில் மரை ஒரு சுற்று, பின்னதில் ஒன்றரை. 410 மூடியை 400 கழுத்தில் போட்டால், வாஷர் அழுந்தும் முன்பே காலர் (பம்பின் மரை உள்ள வளையம்) பாட்டிலின் தோளில் இடித்துவிடும். கைக்கு நன்றாக இறுகியது போலத்தான் இருக்கும்! இதற்கு எந்த இயந்திரமும் பொறுப்பாகாது. பாட்டிலை ஒருவரிடமும் பம்பை இன்னொருவரிடமும் வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

28 மி.மீ. மூடிக்கு 1.4 முதல் 2 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) தொடங்கலாம். மரையில் சோப்பு வழிந்திருந்தால் அதே டார்க்கில் காலர் கூடுதலாக இறுகும், மரையும் வழுக்கிவிடலாம். மறுநாள் மூடியைத் திறக்கத் தேவைப்படும் டார்க் குறைந்து, போட்டதில் பாதியை ஒட்டி நிற்பது சகஜம். பதற வேண்டாம்.

இனி வாங்குவோருக்கு: சிறு உற்பத்திக்குப் பம்பைக் கையால் இறக்கி, கிளட்ச் உள்ள சக்கால் (மூடியைக் கவ்விச் சுழற்றி, குறித்த டார்க் வந்ததும் நழுவிவிடும் பிடி) இறுக்குவதே நல்லது. சக் காலரைத்தான் கவ்வ வேண்டும். தலையைப் பிடித்தால் தலை மட்டும் சுழலும், காலர் இறுகாது. பெரிய லைனுக்கு, ஓடும் பாட்டில்களின் மூடியைச் சுழலும் வட்டுகளால் இறுக்கும் ஸ்பிண்டில் கேப்பர் சரிதான், ஆனால் தலையைக் கீழே அழுத்திப் பூட்டிய பம்பின் நாசில் (சோப்பு வரும் மூக்கு) காலருக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டு வட்டுகளில் அடிபடும். மூடிகளைத் தானாக எடுத்து வைக்கும் பவுல் ஃபீடரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. நீண்ட டியூப்கள் அதில் பின்னிக்கொள்ளும்.

வாய்ப்பேச்சோடு விடாமல் கசிந்த பாட்டிலையே அனுப்பிவைத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் அனுப்பியதால்தான் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடிகிறது.

புதிய ஆர்டர்களில் சக் விலையும் நேரில் வந்து பொருத்தும் கட்டணமும் தனி. ஆர்டரோடு பத்து பாட்டில்கள், பத்து பம்புகள், கொஞ்சம் சோப்பு அனுப்புங்கள். உங்கள் மூடியிலேயே ஓட்டிப் பார்த்து டார்க் அளவைக் குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகம்