ஹெர்மிசுக்குப் போகவிருந்த சிலிண்டர்

மட்டக்களப்பு, பாசிக்குடா, திருகோணமலைக் கரைகளில் டைவிங் நிலையம் நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். உங்கள் போட்டுகளில் பல சீசனாக ஏறி இறங்கும் ஒரு மட்டக்களப்பான் எழுதுகிறேன். எந்த நிலையத்தின் பெயரையும் இதில் சொல்லப்போவதில்லை. நடந்தது ஒரு இடத்தில்தான், ஆனால் எந்த இடத்திலும் நடந்திருக்கலாம்.

போன சீசனில் ஒரு விடியற்காலை. பனை மரத்தடியில் இரண்டு பயணத்துக்கான சிலிண்டர்கள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. கடலடியில் கிடக்கும் இரண்டு கப்பல்களைப் பார்க்கப் போகிறோம்: ஒரு போட் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு, மற்றது ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு. இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மூழ்கடித்தன. ஆனால் சார்ஜன்ட் கிடப்பது சுமார் 25 மீற்றரில், ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீற்றரில். அன்றைக்கு சார்ஜன்ட் போட்டுக்கு நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று; ஹெர்மிஸ் போட்டுக்கு சாதாரண காற்று.

நான் ஹெர்மிஸ் போட். ஒட்சிசன் வீதம் அளக்கும் அனலைசரை என் சிலிண்டரில் வைத்தேன், 20.9 காட்டியது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் நின்ற வழிகாட்டித் தம்பியின் சிலிண்டரிலும் வைத்துப் பார்த்தேன். 31.8.

உள்ளே என்ன கலவை என்று எழுதிய ரேப் அதில் ஒட்டியிருக்கவில்லை. தம்பியிடம் காட்டினேன், சிரித்தான். "அது நல்ல காத்துதானே அண்ணன், ஒட்சிசன் கூட இருந்தா நல்லம்தானே?" என்றான். ஆயிரம் தடவைக்கு மேல் கடலுக்குள் இறங்கியவன் அவன். இதை அவன் பிழை என்று நான் நினைக்கவில்லை. சிலிண்டர் நிரப்பப் பழக்கியவர்கள், உள்ளே இருப்பது என்ன செய்யும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்களில் பலருக்கு இது தெரியும். ஆனாலும் அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். காற்றில் 21 வீதம் ஒட்சிசன், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். ஒட்சிசனை 32 ஆக்கினால் நைதரசன் 68 ஆகக் குறையும். 30 மீற்றரில் நின்றாலும் உடம்பில் நைதரசன் ஏறுவது காற்றோடு 24 மீற்றரில் நிற்கிற அளவுதான். அதனால்தான் சார்ஜன்ட் மாதிரி கப்பலில் நேரம் கூடக் கிடைக்கிறது. நைட்ரொக்ஸ் தருவது நேரம் மட்டும்தான். ஆழத்தை அது குறைக்கும்.

ஏனென்றால் அமுக்கம் கூடினால் ஒட்சிசனே நஞ்சு. போல் பேர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1878இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். இன்று சுழியோடிகள் ஒட்சிசனின் அமுக்கத்துக்கு வைத்திருக்கும் எல்லை 1.4 பார்; 1.6 என்பது அவசரத்துக்கு. 53 மீற்றரில் மொத்த அமுக்கம் 6.3 பார். சாதாரண காற்றே அங்கே 1.32 பார் ஒட்சிசன் தரும், எல்லைக்குக் கொஞ்சம்தான் மிச்சம். அந்தத் தம்பியின் சிலிண்டர் 2.0 தந்திருக்கும். அந்த அளவில் வலிப்பு வரலாம், அதுவும் முன்னறிவிப்பில்லாமல். கரையில் வலிப்பு வந்தவரைச் சரித்துப் படுக்க வைத்துக் காப்பாற்றலாம். ஹெர்மிசின் பக்கத்தில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து மூச்செடுக்கும் ரெகுலேற்றர் கழன்று விழும், அப்புறம் உள்ளே போவது தண்ணீர்தான்.

32க்கு எல்லை 33 மீற்றர். 36க்கு 28 மீற்றர்தான். "நல்ல காத்து" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்தில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கி, மேலே வரும்போது உடம்பில் ஏறிய நைதரசன் குமிழியாகிக் கால் விழுந்துபோனவர்களின் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நைதரசன் மேல் உள்ள பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயமே நைட்ரொக்சை மருந்து மாதிரி நினைக்க வைக்கிறது.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்தால் சிலிண்டரில் ரேப், அதில் இலக்கம், கையெழுத்துப் போடப் புத்தகம், எல்லாம் வடிவாக இருக்கும். வழிகாட்டிக்கு மிஞ்சிய சிலிண்டர். நேற்று யாரோ பாதியில் கொண்டுவந்ததன் மேல் இன்று காற்று அடித்தால் உள்ளே என்ன கலவை என்று யாருக்குத் தெரியும்? ஐரோப்பாவில் நைட்ரொக்சுக்கு வேறு அளவுத் திருகு உள்ள வால்வு இருக்கிறது. எங்கள் கரையில் நான் பார்த்த இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே வால்வுதான். ரேப் உரிந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. யார் சுவாசிக்கப் போகிறாரோ, அவரே தன் கையால் அளக்க வேண்டும், வழிகாட்டியும் சேர்த்து. நிரப்பியவர் சொன்னார் என்பது போதாது. வீதம், போகக்கூடிய ஆழம், திகதி, பெயர் எல்லாம் ரேப்பில் எழுதி ஒட்ட வேண்டும், பிறகு புத்தகத்திலும். காற்றுச் சிலிண்டரையும் அளவுங்கள், அன்று காப்பாற்றியது அதுதான். அளந்த இலக்கத்தையே, ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கும் கைக் கம்பியூட்டரிலும் போட வேண்டும். அதில் 21 என்றே கிடந்தால் 33 மீற்றர் தாண்டும்போது அது வாய் திறக்காது. ஹெர்மிஸ் போகும் நாளில் நைட்ரொக்ஸ் சிலிண்டர்களை அந்த மரத்தடிக்கே கொண்டுவராதீர்கள்.

அனலைசருக்குள் ஒட்சிசனை உணரும் செல் பற்றியும் ஒரு சொல். அது நாளாக நாளாகச் சாகும் சாமான். ஒவ்வொரு காலையும் வெளிக்காற்றில் 20.9க்குச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்ய முடியவில்லை என்றால் செல் முடிந்தது. உப்புக் காற்றில் மேசைமேல் திறந்து கிடந்த அனலைசரை நான் பார்த்திருக்கிறேன்.

நிரப்பும் அறை பற்றிப் பேசத் தொடங்கினால் இன்னொரு மடல் வேண்டும். தனி ஒட்சிசனை முதலில் விட்டு மேலே காற்று அடிக்கிறவர்கள், கடைசிக் கலவை 32தானே என்று ஆறுதல் பட வேண்டாம். நிரப்பும் நேரத்தில் அந்த வால்வுக்குள் இருப்பது முழு ஒட்சிசன். கொம்ப்ரசர் எண்ணெய் ஒரு பொட்டு உள்ளே இருந்தாலும், வால்வைச் சட்டென்று திறக்கும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளலாம். ஒட்சிசனுக்கென்று கழுவிச் சுத்தம் செய்த சிலிண்டரும் வால்வும் இல்லையென்றால் அந்த முறையைத் தொடவே வேண்டாம்.

நேரம் இல்லை என்பீர்கள். ஒரு சிலிண்டரை அளக்க ஒரு நிமிடம் போதும். அன்று நாங்கள் அந்தச் சிலிண்டரை மாற்றிவிட்டுப் புறப்பட்டபோது கால் மணி நேரம்தான் பிந்தியிருந்தது. தம்பி போட்டில் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. திரும்பி வந்ததும் அனலைசரை வாங்கி, மரத்தடியில் மிச்சம் கிடந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்தான்.

மே மாதம் வருவேன். உங்கள் அனலைசர் பழுதென்றால் சொல்லுங்கள், என்னுடையதைக் கொண்டுவருகிறேன். புது செல் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் போட்டில் ஏறும் ஒரு சுழியோடி