அரியலூரும் ஒரு ராஜினாமாவும்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லியிருக்கலாம். பேச்சென்றால் கோபம் முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். 'மந்திரி ராஜினாமா பண்ணினால் செத்தவங்க திரும்பி வந்துடுவாங்களா? உட்கார்ந்து சரிசெய்யாம எழுந்து போறது தப்பிக்கிறதுதானே?' என்று கேட்டாய்.

எனக்கு இதை அரியலூரை வைத்துத்தான் பேசத் தெரியும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளத்தில் பாலம் தாங்கவில்லை. 140 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நேரு அதை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட நெறிக்கு அது முன்மாதிரியாக இருக்கும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

காரணமே இல்லாதவர் ஏன் விலக வேண்டும் என்பதுதானே உன் கேள்வி? என்னைப்போல ரயில்வே லைனில் வேலை பார்த்தவனுக்கு அதற்குப் பதில் தெரியும். பாலத்துத் தூணில் அபாய அளவுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க ஒரு ஆள் கையில் விளக்கோடு நடந்து, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள். அப்புறம் தண்டவாளத்தை நடந்து பார்க்கிற கீமேன், கேங்குக்குத் தலைவனான மேட், லைனுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் பி.டபிள்யூ.ஐ. அதற்கு மேல் விசாரணை ஏறி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கியது யார், ஒதுக்காமல் விட்டது யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். உச்சியில் இருக்கிறவர் 'இது என் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கேள்வி மேலே போகும்.

அப்போது தேர்தல் நெருங்கியிருந்தது, அதனால் சாஸ்திரி போட்ட வேஷம் என்றும் சொன்னாய். 1957 தேர்தலுக்குப் பிறகு அவர் மறுபடி மந்திரியானது உண்மைதான். ஆனால் அரியலூருக்கு முன்னால், அந்த செப்டம்பரிலேயே மகபூப்நகர் விபத்துக்காக அவர் ராஜினாமா கொடுத்திருந்தார். நேருதான் அப்போது ஏற்கவில்லை. வேஷம் போடுகிறவர் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நாற்காலியைப் பணயம் வைக்கமாட்டார்.

ஒரு இடத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எந்தப் பாலத்தையும் பலப்படுத்தாது. 'அவர்தான் போயிட்டாரே, இனி என்ன?' என்று விசாரணையை மூட வைக்கிற ராஜினாமா எனக்கும் ஆகாது. முந்த்ரா விவகாரத்தில் நடந்ததைப் பார். எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போன விஷயம். நீதிபதி சாக்ளா கமிஷன் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கும் மந்திரியே பொறுப்பு என்றது. அதன் பிறகுதான், 1958 பிப்ரவரியில், நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். முதலில் உண்மை வெளியே வந்தது, பதவி பிறகு போனது. எனக்கு இந்த வரிசை பிடிக்கும்.

இன்னொன்று. அரியலூர் சமயத்தில் ரயில்வே துணை மந்திரி நம் ஓ.வி. அழகேசன். 'அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா' என்று தேர்தலில் அவரைத் துளைத்தெடுத்தார்கள். 1965 பிப்ரவரியில், இந்தித் திணிப்பை எதிர்த்து இங்கே மாணவர்கள் தெருவில் நின்றபோது, அதே அழகேசனும் சி. சுப்பிரமணியமும் மத்திய மந்திரி சபையிலிருந்து ராஜினாமா கொடுத்தார்கள். அப்போது பிரதமர் யார்? சாஸ்திரி! ஏற்கலாம் என்று அவர் அனுப்பினார், ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்பதே அந்த உறுதிமொழி. அந்தப் பேச்சுக்கு மாணவர்களின் போராட்டம்தான் முதல் காரணம். ஆனாலும் தன் மந்திரி சபையிலேயே இரண்டு பேர் எழுந்து நின்றது டெல்லிக்கு உறைத்திருக்கும். உள்ளே உட்கார்ந்தபடி எத்தனை மனு கொடுத்திருந்தாலும் அந்த வேகம் வந்திருக்காது என்பது என் வாதம். இதை எப்படித் தப்பித்தல் என்கிறாய்?

பொங்கலுக்கு வரும்போது பதில் சொல். ரிசர்வேஷனை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா