எண்ணெய் எந்த விதையில் எடுத்தது? பாக்கெட்டிலேயே எழுதுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். "அண்ணாச்சி, இது ஜீன் மாத்துனதாமே, வாங்கலாமா?" என்று சோயா எண்ணெய் பாக்கெட்டைக் காட்டிக் கேட்கிறார்கள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கொழுப்பு எவ்வளவு, எந்த வைட்டமின் சேர்த்தது என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. சோயா எப்படிப்பட்டது என்று மட்டும் ஒரு வரி இல்லை.

நாம் இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளையும் சோயா அநேகமாக முழுவதும் மரபணு மாற்றியதுதான். இங்கேயும் 2002-இல் பி.டி. பருத்திக்கு, அதாவது புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பருத்திக்கு, அனுமதி கொடுத்தாயிற்று. பருத்திக்கொட்டை எண்ணெயும் சமையலுக்குப் போகிறது.

சந்தையில் என்ன நடக்கிறது தெரியுமா? மட்டிப்பழமும் செவ்வாழையும் கேட்டு வாங்குகிறவர்கள், பக்கத்தில் கிடக்கும் பச்சை ரோபஸ்டா வாழையை "மரபணு மாத்துன பழம்" என்று ஒதுக்குகிறார்கள். அது பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்றில், அதாவது தாய்வாழையின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கன்றில், காய்த்தது, அவ்வளவுதான். மரபணு மாற்றிய வாழைக்கு இந்தியாவில் அனுமதியே இல்லை. விதையில்லாத் திராட்சைக்கும் இதே பழி. இருக்கும் இடத்தில் சொல்லாமல் விட்டதால் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

லேபிள் போட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் எங்களுடையது. எழுதினால் படிப்போம். படித்துவிட்டு வேண்டாம் என்றாலும் அது எங்கள் உரிமை.

சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ.வும் புரதமும் அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆகவே அது விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதே காரணத்தால், எண்ணெயைச் சோதித்து மூலத்தைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. உங்கள் 2021 வரைவு விதி, உணவில் மரபணு மாற்றிய சேர்மானம் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் குறிப்பிடச் சொன்னது. எண்ணெய் விஷயத்தில் அந்த அளவுகோல் எப்படி உதவும்? விதை எங்கே வாங்கியது என்ற ஆவணத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். 2024 ஜூலையில் மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், இறக்குமதியாகும் மரபணு மாற்றிய எண்ணெய்க்கு லேபிள் சட்டத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லியிருக்கிறது.

"மரபணு மாற்றிய சோயாவில் எடுத்த எண்ணெய், களைக்கொல்லியைத் தாங்கும் ரகம்" என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடச் சொல்லுங்கள். அப்புறம், தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் "ஜி.எம்.ஓ. (மரபணு மாற்றியது) இல்லாதது" என்று விளம்பரம் செய்வதையும் தடுங்கள். மரபணு மாற்றிய தென்னை எங்கும் விற்பனையில் இல்லை.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்துக் கடைக்காரர் ஒருவர்