லிகமென்ட்டும் பாசிக் கயிறும்

மண்டபம்
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்காலில் லிகமென்ட் கிழிந்துவிட்டது என்று படித்ததும் மனசு கலங்கிவிட்டது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி பக்கமே போகாதே.

அது என்ன சொல் என்று கேட்டிருந்தாய். எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார் அது. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுவது. கடமையைக் குறிக்கும் 'ஆப்ளிகேஷன்' அதே வினையில் பிறந்ததுதான். நாமும் வாக்குக்குக் 'கட்டுப்படுகிறோம்' என்கிறோமே! தங்கத்தோடு செம்பைச் சேர்த்தால் வரும் 'அலாய்'கூட அந்தக் குடும்பம்தான்.

'ரிலிஜன்' விஷயத்தில் மட்டும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்றார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. நான்காம் நூற்றாண்டில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் லாக்டான்டியஸ், மனிதனை இறைவனோடு கட்டுவதால் 'லிகாரே'தான் வேர் என்றார். இன்னும் தீரவில்லை. என் மனசு லாக்டான்டியஸ் பக்கம்தான்.

இன்னொன்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் காலில் சுற்றியிருக்கும் பேண்டேஜும், அதைப் பார்க்க வந்துபோகும் சொந்தபந்தமும் ஒரே வேர். ஆங்கில 'பைண்ட்', 'பேண்ட்', வடமொழி 'பந்தம்' எல்லாம் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். 'ஹஸ்பண்ட்' மட்டும் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தாலி கட்டியவன் என்பதால் அதுவும் கட்டுதான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது வீட்டுக்காரன் என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவிய மொழிச் சொல்லாம். நம் பெண்கள் சொல்லும் அதே 'வீட்டுக்காரர்'!

காலையில் கரைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கடல்பாசி கட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் தெப்பம். அதில் இழுத்துக் கட்டவேண்டிய கயிறு மடியில் கிடந்தது. கயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்ன நூல் வளையங்கள். ஒரு துண்டுப் பாசியை உள்ளே நுழைத்து, ஈரக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு நூலை இழுத்தது. "இறுக்குனா தண்டு அறுந்துரும்ணே, தொளதொளன்னு விட்டா அலை கொண்டுபோயிரும்." நாற்பத்தைந்து நாள் அந்த முடிச்சு தாங்கவேண்டும், அப்புறம்தான் அறுவடை. உன் முழங்கால் நாருக்கும் இதே கணக்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தாத்தா ஞாபகம் வந்தது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார். விடியுமுன் மறுபடி கட்டுவார். அந்தக் கட்டுமரம்தான் 1697இல் வெளியான, ஆங்கிலேயக் கடலோடி டாம்பியரின் பயண நூலில் ஏறி, 'கேட்டமரான்' ஆனது. இன்றைக்கு இரண்டு உடல் கொண்ட எந்தப் படகுக்கும் அந்தப் பெயர்தான். கயிறும் இல்லை, மரமும் இல்லை. அந்தப் பெயருக்குள் தாத்தாவின் கை இருப்பது அதில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, கட்டு என்றைக்குப் பிரிக்கிறார்கள்? ஒரு வரி எழுது. ராமேஸ்வரம் ரயிலில் ஏறி மண்டபத்தில் இறங்கினால் போதும். நான் ஸ்டேஷனில் நிற்பேன். பையை நீ தூக்கவேண்டாம்.

உன்
மண்டபத்துக்காரன்