இரவு இரண்டரை மணி அவதானிப்பு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
19.01.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி இன்று காலை கிடைத்தது. "நலம் அப்பா. வேலை கூட. அடுத்த கிழமை கதைக்கிறேன்" என்ற அதே மூன்று வாக்கியங்கள், சென்ற ஞாயிறும் அதற்கு முந்திய ஞாயிறும் வந்தவை போலவே, எட்டரை மணிக்கு வந்தன. அம்மா அதை வாசித்துவிட்டு நிம்மதியாகக் கோயிலுக்குப் புறப்பட்டார். நான் பால்கனியில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு எதையும் கேளாமல் உன் வேலையைப் பற்றி மட்டும் எழுதுவதென்று முடிவு செய்தேன். வேலையைப் பற்றிக் கேட்டால் நீ எப்போதும் நீளமாகப் பதில் எழுதுவாய்.

பொங்கலுக்குக் கிளிநொச்சி அண்ணன் வந்திருந்தான். நவம்பர் வெள்ளத்தில் காலபோக நெல் போன கவலை அவன் முகத்தில் அப்படியே இருந்தது. "தங்கச்சி கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறா என்கிறீர்களே, சித்தப்பா, இதை ஆவணியிலேயே சொல்லியிருக்க முடியாதா?" என்று கேட்டான். புயல் எந்தத் தேதியில் எந்தக் கரையைத் தொடும் என்பதைப் பருவகால எதிர்வுகூறல் சொல்லாது என்றும், வரப்போகும் மூன்று மாத மழை வழமையைவிடக் கூடுமா குறையுமா என்பதற்கான வாய்ப்பைத்தான் அது சொல்லும் என்றும் விளக்கினேன். காற்று இரண்டு கிழமைக்கு மேல் எதையும் நினைவில் வைத்திருக்காது. கடல் மாதக்கணக்கில் வைத்திருக்கும். பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நமக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதும், தை தொடங்கிப் பங்குனி வரை அது குறைவதும் அந்த நினைவினால்தான். அரை மணி நேரம் பேசினேன். அம்மா இரண்டு முறை சாப்பிட அழைத்த பிறகுதான் நிறுத்தினேன். உன் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் தெரிவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்குப் பிடிபடாத இடம் ஒன்றுதான். எதிர்காலத்தைச் சொல்வதற்கு ஏன் 40, 50 ஆண்டுப் பழைய காலத்தை மறுபடி கணக்கிட வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு கணினி மாதிரிக்கும் அதற்கேயுரிய சாய்வு உண்டு. ஒன்று வங்காள விரிகுடாவை எப்போதும் சற்றுக் குளிராக்கிவிடும், இன்னொன்று மழையைத் தெற்கே தள்ளிவிடும். அந்தச் சாய்வை அளக்க வேண்டுமானால், பழைய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அதே தேதியிலிருந்து மாதிரியை ஓடவிட்டு, அது சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட வேண்டும். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஐந்தாவது பருவகால எதிர்வுகூறல் முறை ஒவ்வொரு மாதமும் 51 ஓட்டங்களை ஏழு மாதங்களுக்கு முன்னோக்கி ஓட்டுகிறது. அதைத் திருத்துவதற்காகவே 1981 முதல் 2016 வரையான ஆண்டுகளை 25 ஓட்டங்களாக மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அப்படி ஓட்டுவதற்கு 1981ஆம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில் உலகத்தின் காற்றும் கடலும் எப்படி இருந்தன என்ற முழுப் படம் வேண்டும். அந்தப் படத்தை வரைவதுதான் மீள்பகுப்பாய்வு. "பழைய கொப்பிகளில் எல்லாம் எழுதியிருக்கும்தானே?" என்றான். கொப்பிகளில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

நீ எனக்கு இதை விளக்கியது நினைவிருக்கிறதா? 2023 ஆவணியில், இதே சாப்பாட்டு மேசையில், இரண்டு தேநீர்க் கோப்பைகளை வைத்து விளக்கினாய். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். பழைய முறையில் காற்றின் படத்தை ஒரு குழுவும் கடலின் படத்தை இன்னொரு குழுவும் தனித்தனியாக வரைந்தார்கள் என்றாய். இஆர்ஏ5 என்ற மீள்பகுப்பாய்வு போன்ற பெரிய வேலையிலும், 1940 முதல் மணிக்கு மணி, 31 கிலோமீட்டர் நுணுக்கத்தில் காற்றின் நிலை இருக்கிறது; ஆனால் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. காற்று எவ்வளவு அடித்தாலும் அந்தக் கடல் அசையாது. நான் கரையில் வானிலை அவதானிப்பாளனாக வேலை பார்த்தவன், கடல் அப்படி இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். வெயிலில் சூடான கடல் மேகத்தை எழுப்புகிறது, எழுந்த மேகம் வெயிலை மறைத்துக் கடலைக் குளிர்விக்கிறது, பெய்த மழையின் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது, புயல் வந்து அதைக் கலக்கி அடியிலுள்ள நீரை மேலே கொண்டுவருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அறுத்துவிட்டால் மழையும் கடல்சூடும் முன்பின்னாக வரும் ஒழுங்கு குலைந்துவிடும்.

தனித்தனியாக வரைந்த இரண்டு படங்களை எதிர்வுகூறலின் முதல் நாளன்று ஒன்றாகப் பொருத்தினால், இரண்டும் தம்மளவில் சரியாக இருந்தாலும், ஒன்றையொன்று உலுக்கும் என்றும், அந்தத் தொடக்க அதிர்ச்சி முதல் மாதங்களின் கணக்கைக் கெடுக்கும் என்றும் சொன்னாய். அப்போது நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். நான் இங்கே கடலையும் காற்றையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த அதிர்ச்சியைக் குறைப்பதற்காகத்தானே இரண்டையும் தொடக்கத்திலிருந்தே பிணைத்து ஓட்டுகிறீர்கள். அமெரிக்கர்கள் 2010இல் வெளியிட்ட சிஎஃப்எஸ்ஆர் என்ற மீள்பகுப்பாய்வு, 1979 முதலான காலத்துக்கு, காற்றும் கடலும் பிணைந்த மாதிரியின் ஆறு மணி நேர ஓட்டத்தை முதல் ஊகமாக, அதாவது அவதானிப்புகள் சேருமுன் இருக்கும் வரைவாக, எடுத்துக்கொண்டது. அவதானிப்புகளைச் சேர்த்துத் திருத்தும் வேலை மட்டும் இரண்டு பக்கத்திலும் தனியாக நடந்தது. கடலில் மிதவை அளந்த ஓர் எண் அதே கணத்தில் மேலேயுள்ள காற்றையும் திருத்த வேண்டும் என்பதுதான் அடுத்த படி என்றாய். அதற்கு இரண்டுக்கும் இடையிலான பிழைகள் எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்பது தெரிய வேண்டும். காற்று மணிக்கணக்கில் மாறுகிறது, கடல் மாதக்கணக்கில் மாறுகிறது, இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது கடினம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கடினமான வேலை என்பதற்காகச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு.

ஒரு பழைய அவதானிப்பாளனாக ஒன்றை மட்டும் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும். உங்கள் தரவுத் தொடரில் ஒரு திடீர் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், மாறியது கடலா, கடலைப் பார்த்த கண்ணா என்று முதலில் கேள். சிஎஃப்எஸ்ஆரில் 1998 ஒக்டோபரில் புதிய செய்மதிக் கருவியின் தரவு சேர்ந்தபோது மழைக் கணக்கே தாவியது. ஆர்கோ மிதவைகள் வருவதற்கு முன் நமது சமுத்திரத்தின் மேற்பரப்புக்குக் கீழுள்ள நீரை அளந்தவை பெரும்பாலும் வழிப்போக்குக் கப்பல்கள்தான். இன்று உலகெங்கும் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து வருகின்றன. இந்து சமுத்திரத்தில் 2004 முதல் ராமா நங்கூர மிதவைகளும் இருக்கின்றன. அளப்பவர் கூடினாலே கடல் மாறிவிட்டதுபோலத் தோன்றும். அளப்பவர் ஏமாற்றினால் எப்படித் தோன்றும் என்பதைப் பற்றி நீங்கள் யாரும் எழுதியதாக நான் காணவில்லை.

இதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

அன்று மேசையில் நீ சொன்ன இன்னொரு செய்தி, 1901 முதல் 2010 வரையான காலத்தைப் பிணைந்த முறையில் வரைந்த செரா-20சி பற்றியது. நூற்றாண்டு முழுவதும் ஒரே தன்மையுள்ள தரவு வேண்டும் என்பதற்காகச் செய்மதிகளை விட்டுவிட்டு, காற்றின் பக்கத்துக்கு மேற்பரப்பு அழுத்தத்தையும் கடற்காற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றாய். "நீங்கள் வாசித்த பாரமானிதான் அப்பா, அதுவே போதும்" என்று பெருமையோடு என் தோளைத் தட்டினாய். அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒன்றரை ஆண்டாக உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்து, ஒவ்வொரு முறையும் வானிலையைக் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

1978 நவம்பர் 23ஆம் தேதி மட்டக்களப்புப் புயலன்று நான் கிழக்கில் இருந்த கதையை நீ நூறு முறை கேட்டிருக்கிறாய். பாரமானி இறங்கிய வேகத்தைத் தந்தியில் அனுப்பியபோது, "மீண்டும் வாசித்து அனுப்பவும்" என்று பதில் வந்ததையும், நான் மீண்டும் வாசித்தபோது அது இன்னும் இறங்கியிருந்ததையும் சொல்லிச் சொல்லி உங்களைச் சலிக்க வைத்தேன். மற்றக் கதையை நீ ஒரு முறையும் கேட்டதில்லை. 1983க்குப் பின் என்னை மாற்றிய அந்த நிலையத்தில், பெயர் உனக்குத் தெரியும், விடுதியிலிருந்து அவதானிப்புக் களத்துக்கு இருட்டில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். இரவு இரண்டரை மணி அவதானிப்புக்கு நான் 17 இரவுகள் போகவில்லை. போகாமல், விடுதியில் இருந்தபடியே, எண்களை எழுதினேன். முதல் மூன்று இரவுகளும் பயத்தினால். மீதிப் பதினான்கும் தூக்கத்தினால். ஊர் நிலைமை என்று எவரிடமும் சொல்லித் தப்பித்திருக்கலாம், ஆனால் எவரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நமது பகுதியில் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், நாலு மணியளவில் தாழ்வு, இடையில் ஏறத்தாழ மூன்று மில்லிபார். இந்த அலையை மனப்பாடமாக அறிந்தவனுக்கு முந்திய வாசிப்பிலிருந்து இரண்டரை மணி எண்ணை எழுதிவிடுவது பெரிய காரியமில்லை. தானாகப் பதியும் பாரமானியின் கடிகாரம் அந்த மாதங்களில் பழுதாகி நின்றிருந்தது; ஓடியிருந்தால் பிடிபட்டிருப்பேன். நான் எழுதிய எண்கள் மிக ஒழுங்காக இருந்தன. 1978இல் நான் அனுப்பிய உண்மையைச் சந்தேகித்தார்கள், இந்தப் பொய்கள் அத்தனையும் தேறிவிட்டன. உங்கள் முறையிலும் அப்படித்தானே நடக்கும்? முதல் ஊகத்திலிருந்து வெகுதூரம் விலகிய எண்ணைத்தான் கணினி நிறுத்திக் கேள்வி கேட்கும். வழமையை ஒட்டியே இட்டுக்கட்டிய எண்ணை அது தலையசைத்து ஏற்றுக்கொண்டு, அந்தக் கரையில் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்யும்.

அந்த இடத்தில் நான் சரிவுக்கோடுகளைப் போட்டிருக்க வேண்டும். அவதானிப்பு இல்லை என்பதற்கு அதுதான் குறி. அதைப் போட்டிருந்தால் ஒரு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்திருக்கும், அவ்வளவுதான். கணினியும் தனக்கு அங்கே தெரியாது என்பதை அறிந்து, பக்கத்து நிலையங்களைப் பார்த்திருக்கும்.

மகளே, இட்டு நிரப்பிய எண் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது மிக ஒழுங்காக இருக்கும். நவம்பர் முதல் உன்னிடமிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைச் செய்திகளில் ஒரு சொல்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒக்டோபர் வரை அவற்றில் "நாங்கள்" என்று இருந்தது, பிறகு இல்லை. நமது எட்டரை மணி குளிர்காலத்தில் உனக்கு அதிகாலை மூன்று மணி. முப்பது ஆண்டுகள் அந்த நேரக் கணக்கில் வாழ்ந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. சொல்ல முடியாத கிழமைகளில் வெறும் சரிவுக்கோடு ஒன்றை அனுப்பு, நான் விளங்கிக்கொள்வேன். "நலம்" என்று மட்டும் நிரப்பாதே.

அந்த 17 இரவுகளின் தேதிகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பழைய நாட்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறு புள்ளி இட்டிருந்தேன், ஆகவே தேதிகளில் தவறு இல்லை. கணக்கில் எடுக்கக் கூடாத அவதானிப்புகளுக்கான உங்கள் ஒதுக்குப் பட்டியலில் இவற்றைச் சேர்க்க முடியுமானால் சேர்த்துவிடு. என் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் சொல்.

மாமியின் மகன் அடுத்த மாதம் இலண்டன் வருகிறான். அம்மா வறுத்துத் திரித்த தூளும் பனங்கிழங்கும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம். இரண்டு பேருக்குப் போதுமான தூள்தான் அம்மா கட்டியிருக்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்கு இப்போதும் இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அது உனக்கு இரவு ஒன்பது மணி. போன் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா